ஏழு ஏரி நாட்டில் மதகுச் சாவி

எங்கள் ராஜ்யத்தில் அரக்கன் கிடையாது. நெருப்புக் கக்கும் டிராகன் கிடையாது. இருட்டு மலை உச்சியில் உட்கார்ந்து உலகத்தை அழிக்கத் திட்டம் போடும் மந்திரவாதியும் கிடையாது. ஏழு ஏரிகள் இருக்கின்றன. மேலே இருப்பது நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்ததற்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து துரோகம், சதி, முற்றுகை, நாடு கடத்தல், சமாதானப் பேச்சு எல்லாம் எங்களுக்குக் கிடைத்துவிட்டன.

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நடக்கும் விளையாட்டு இது. ஆடுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடையிலும் ஆட்டோவிலும் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்பவர்கள். தமிழில் சரளமாகச் சண்டை போடுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் திணறுவார்கள். வாயால் மட்டுமே ஆடக்கூடிய ஒரு விளையாட்டு வேண்டும் என்று தேடியபோதுதான் இது வந்தது. நான் கதைசொல்லி. நாட்டை, வானிலையை, வழிப்போக்கர்களை நான் பேசுவேன். ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தான் என்ன செய்வேன் என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும்.

இந்த வகை ஆட்டத்துக்கு மூலம் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் பழைய விதிகளில் ஒன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. குகைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேரப் படி ஏறலாம், படி ஏற ஏறப் பலம் கூடும். விளையாட்டாகப் பார்த்தால் அது கெட்டிக்கார விதிதான். காசுக்குப் புள்ளி என்றால், அரக்கனோடு மோதாமல் தந்திரமாகப் பொன்னை எடுத்துக்கொண்டு ஓடிவரத் தோன்றும், மூளை வேலை செய்யும். ஆனால் ஆசைப்படு, பலசாலி ஆவாய் என்பது அந்த உலகத்தின் இயற்பியலாகவே ஆகிவிடுகிறது. அந்த விதியை வைத்துக்கொண்டு பேராசையைப் பற்றிக் கதை சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே அது ஒரு குணமே இல்லை. எங்கள் நாட்டில் பொன்னுக்குப் புள்ளி இல்லை. யாராவது ஒருவர் உங்களை நம்பி ஒன்றை ஒப்படைத்து, அதை நீங்கள் திருப்பிக் கொடுத்தால்தான் புள்ளி.

பகடைக்கும் எங்களுக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. என் மாமியார் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்றுப் பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதைவிடப் பெரிய எண் கிடையாது, அதைவிட அரிதாக விழுவதும் கிடையாது.

வரைபடத்தைப் பிள்ளைகளே வரைந்தார்கள். நான் சொன்னதெல்லாம், நாம் இருக்கும் ஊரைப் பார்த்து வரையுங்கள் என்பதுதான். 1537-ல் கெம்பேகவுடர் கோட்டை கட்டிய இந்த ஊருக்குப் பெரிய ஆறு கிடையாது. சுமார் 900 மீட்டர் உயர மேட்டில் மழைநீரை நம்பி ஏரி ஏரியாக வெட்டி, ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் கால்வாய்களால் ஒன்றோடொன்று கோத்து வாழ்ந்த ஊர். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கும் இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா மைதானம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இதைச் சொன்னதும் ஒரு பையன் மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போதெல்லாம் தரையைக் குனிந்து பார்க்கிறான் என்று அவன் அம்மா வந்து சொன்னார். 2017-ல் பெல்லந்தூர் ஏரியில் தீப்பிடித்து எரிந்ததையும் சொன்னேன். எரியும் ஏரியை வரைபடத்தில் வைக்கலாமா என்று கேட்டார்கள். ஐந்தாவது ஏரி அதுதான். கழிவைக் கொட்டிக் கொட்டி நுரை தள்ளி எரிகிற ஏரி. மாயாஜாலம் எதையும் நான் அதில் சேர்க்கவில்லை.

அதிகாரம் என்றால் சிம்மாசனம் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ராஜா ஆக வேண்டும். அப்போது எனக்குக் கைகொடுத்தது விக்கிரமாதித்தன் கதை. அதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ராஜாவைவிட மந்திரி பட்டியைத்தான் பிடிக்கும். சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆளலாம் என்பது அரசனுக்குக் கிடைத்த வரம். பட்டி கணக்குப் போடுகிறான். ஆறு மாதம் சிம்மாசனத்தில் இரு, ஆறு மாதம் காட்டுக்குப் போ, ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குள் இவ்வளவு கூர்மையான கணக்கு ஒளிந்திருக்கிறது. தெய்வம் கொடுத்த வரத்தையே வாசகத்தைப் படித்து நீட்டிவிடுகிற புத்தி அது.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஆன்ட்டி, அவரு காட்டுக்குப் போன ஆறு மாசம் நாட்ட யாரு பாத்துப்பா?"

எங்கள் ஆட்டம் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் நடக்கிறது. ராஜா காட்டில் இருக்கிறார். சிம்மாசனம் காலியாக இருக்கிறது. அதில் ஏற முயன்றால் படிகளில் இருக்கும் பதுமைகள் கேள்வி கேட்கும், பதில் தெரியாவிட்டால் இறங்க வேண்டியதுதான். ஆகவே ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. மேலேரியின் மதகுச் சாவியைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முடி யார் தலையில் இருந்தாலும் ஐப்பசி மழை பொய்த்த வருஷத்தில் கீழேரிக்காரனின் நாற்று அந்தச் சாவியை வைத்திருப்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை எங்களுக்குச் சரியாகப் புரியவைத்தவர் தரைத்தளத்துத் தாத்தா. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், மதகு என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா கண்மாயில் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்பதையெல்லாம் பார்த்தவர்.

"சாவியாவது ஒண்ணாவது. கல்லு மடையில கட்டையச் சொருகிருப்பாக அப்பு. முங்கிப் போயித்தேன் எடுக்கணும். மூச்சு முட்டும். எங்கய்யா முங்குனா கரையில நிக்கிற பூராப் பேரும் பேசாம நிப்பாக."

"அப்ப அவருதான் அங்க பெரிய ஆளா தாத்தா?"

"பெரிய ஆளா? எங்களுக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழ ஒரு குழி நெலம் கெடையாதுடா. அதுனாலதேன் எங்கய்யா கையில குடுத்தாக. அறுப்பு முடிஞ்சா களத்துல நெல்ல அளந்து குடுப்பாக. வீட்டுக்குள்ள விட மாட்டாக."

பிள்ளைகள் அந்தக் கடைசி வரியைக் கவனித்தார்களா என்று அப்போது தெரியவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நீர்க்கட்டிகளாகவும், இங்கே கர்நாடகத்தில் நீருகண்டிகளாகவும் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் குடும்பத்தினர். நிலம் இல்லாதவனிடம் தண்ணீரை ஒப்படைத்தால் அவன் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள மாட்டான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே ஏற்பாடு, அவனுக்கு எந்தக் காலத்திலும் வயல் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டது என்பதும் அதே அளவு உண்மை. ஊரின் உயிரையே பிடித்திருந்த கைக்கு ஊருக்குள் இடமில்லை. கற்பனை ராஜ்யங்களை எழுதுகிறவர்கள் வாளுக்கும் வாரிசுக்கும் செலவழிக்கும் பக்கங்களில் கொஞ்சத்தை இந்த ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது என் தீராத ஆசை.

தாத்தா அதன் பிறகு விளையாட வந்துவிட்டார். நீர்க்கட்டி பாத்திரம் அவருக்குத்தான் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அத நான் பாத்தாச்சு. எனக்கு நெலம் வச்சிருக்கவன் வேசம் குடு" என்றார். மூன்றாவது ஏரிக்குக் கீழே நாற்பது ஏக்கர் நஞ்சை எழுதிக்கொடுத்தேன்.

பேராசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதை நேரில் பார்த்தேன்.

கதையில் இரண்டாவது வருஷமும் மழை இல்லை. மேலேரி அரைவாசி இருக்கிறது. மேலேரி அதிகாரி, காட்டில் ராஜாவைப் பற்றிக் கேட்ட அதே எட்டாம் வகுப்புப் பையன். எங்கள் குடியிருப்பில் அவனைவிடத் தாராளமான பிள்ளையை நான் பார்த்ததில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து வருவான். கடைசி ஏரியின் ஊர்த்தலைவியாகப் பத்தாம் வகுப்புப் பெண். அவள் தூது வந்து, மூன்று நாள் மதகைத் திறங்கள், நாற்றுக் கருகுகிறது என்று கேட்டாள். பையன் தாயக்கட்டையைக் கையில் எடுக்கவே இல்லை.

"மாட்டேன். நம்ம ஏரி காஞ்சா என்ன பண்றது?"

"உன் ஏரி பாதி இருக்குல்ல?"

"பாதிதான் இருக்கு."

இருவரும் ஒரே அளவைத்தான் சொன்னார்கள். அவன் முகத்தில் கெட்டவன் வேஷம் போடும் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, உண்மையாகவே பயந்திருந்தான். 2024 மார்ச் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. போர்வெல் வறண்டுபோய், டேங்கர் வந்த பிறகே காலை விடிந்த மாதம். மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்ச விலை வைத்தது, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த மாதத்தில் பக்கத்துக் குடியிருப்புகளில் ஒன்று, தங்கள் சம்பில் தண்ணீர் இருந்தபோதும் தெருக்கோடித் தகரக் கொட்டகைக் குடும்பங்களுக்குக் குழாயை மூடிவிட்டது. மூடியவர்கள் கொடியவர்கள் அல்ல. கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். நாளைக்கு நமக்கு இல்லாமல் போய்விட்டால் என்ற ஒரு நினைப்பு அவர்களை இரண்டு நாளில் மாற்றிவிட்டது. அந்தப் பையன் அதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறான்.

பேராசைக்காரனைக் குண்டாகவும் மோதிரங்களோடும் வரைவது எளிது. எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்த பேராசை பெரும்பாலும் முன்ஜாக்கிரதை என்ற பெயரில்தான் வந்தது. பிள்ளைகளுக்காக, வயதான காலத்துக்காக, ஏரி காய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக. எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று பயம் சொல்வதில்லை, அதனால் அது நிற்பதும் இல்லை.

மதகு திறக்கவில்லை. கீழ்நாடு கருகியது. அடுத்த சில வாரங்கள் ஒரு கூட்டம் அமுதசுரபியைத் தேடிக் கிளம்பியது. மணிமேகலையில் வருகிற, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அதைப் பற்றி நான் சொன்ன கதையில் அவர்களைப் பிடித்து உலுக்கியது ஆபுத்திரன் பகுதி. பாத்திரம் கையில் இருக்கிறது. பசித்தவர்களுக்கெல்லாம் போடுகிறான். கோபம் கொண்ட இந்திரன் நல்ல மழையைக் கொடுத்து, விளைச்சலைக் கொடுத்து, பசித்தவரே இல்லாமல் செய்துவிடுகிறான். பசி இருக்கும் இடம் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறியவன் வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்படுகிறான். உண்ண இன்னொரு வாய் இல்லாத இடத்தில் தன் ஒரு வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிரை விடுகிறான். குறையாத சோறு கையில் இருக்கும்போது!

"லூசா அவரு?" என்றது ஒரு வாண்டு. பத்தாம் வகுப்புப் பெண் அதட்டினாள். அதே பெண்தான் பாத்திரம் கிடைத்ததும், மேலேரிக்காரர்கள் பசித்து வந்தால் ஒரு படி சோற்றுக்கு ஒரு நாள் மதகு திறப்பு என்று விலை வைக்கலாம் என்றாள். நான் மறுக்கவில்லை. நியாயமான கோபம் அது. கருகிய ஊரின் தலைவிக்கு அந்த யோசனை வராவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பாத்திரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க விலை பேசினார்கள். பேசி முடித்தபோது இரண்டு பக்கமும் இன்னும் கோபமாக இருந்தது. தாத்தா மட்டும், "விக்க ஆரம்பிச்சா மறுபடி ஒருத்தங்கிட்ட சாவி போயிரும். இப்ப அது சட்டியா இருக்கும், அவ்வளவுதேன்" என்றார். நாற்பது ஏக்கர் நஞ்சைக்காரர் பேசிய பேச்சு அது.

கதையில் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு நல்ல வாரிசு வருவான். கூழ் குடித்து வளர்ந்த ராஜகுமாரன், மார்பில் மச்சம். எனக்கு அவன் மேல் நம்பிக்கை போய் நெடுநாள் ஆகிறது. நல்லவன் வந்தான், ஆண்டான், செத்தான், பிறகு? அவன் பிள்ளை எப்படியோ! நம்பிக்கையை ஓர் ஆளின் ரத்தத்தில் வைத்துக் கதை முடிப்பதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. எனவே உத்திரமேரூரின் பழைய குடவோலை ஏற்பாட்டுக்குப் போனோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர் முப்பது குடும்புகள், அதாவது முப்பது வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம் என்று குழுக்கள். பதவி 360 நாள். வயது 35-க்கு மேல் 70-க்குள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறு பிள்ளை ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

அந்த விரல் விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் சபையில் எழுந்து, விரலை மடக்கி வாங்கினால் ஓலையை மாற்றிவிடலாமே என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதன் ஏமாற்றுவான் என்று தெரிந்தும் மனிதனை விட்டுவிடாமல், அவன் கையை விரிக்கச் சொல்லி மட்டும் சட்டம் எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான்.

அது முழு ஊருக்கான ஏற்பாடு அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வரி கட்டும் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, உழுதவர்களுக்கு இடமில்லை. தாத்தா நிதானமாகக் கேட்டார்: "அப்ப எங்கய்யா பேரு அந்தக் கொடத்துல விழுந்திருக்காது." விழுந்திருக்காது என்றேன். "இந்தக் கொடத்துல?" என்றார், மேசைமேல் இருந்த எவர்சில்வர் குடத்தைக் காட்டி.

அதற்குப் பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள். அவர் முன்பு சொன்ன கடைசி வரி அவர்களுக்கு மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிலத் தகுதியை அடித்தார்கள். வீட்டுத் தகுதியை அடித்தார்கள். வயதையும் அடித்துவிட்டு, பேசத் தெரிந்தால் போதும் என்று எழுதினார்கள். 360 நாளையும் கணக்குக் காட்டுவதையும் விரித்த கையையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சாவி வைத்திருப்பவரும் தண்ணீர் வாங்குபவரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஒரு புதுச் சட்டம் சேர்த்தார்கள்.

முதல் ஓலையை எடுத்தது இரண்டாம் வகுப்புப் படிக்கும் வாண்டு. தாத்தா விரல்களை விரித்து வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாயிற்று, ஆனால் ஒருவரும் உதவிக்கு என்னைக் கூப்பிடவில்லை. மேலேரிச் சாவி எரிகிற ஏரியின் கரையில் குடிசை போட்டிருக்கும் மீன்காரிக்கு விழுந்தது. இதுவரை ஆட்டத்தில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை அவள். எட்டாம் வகுப்புப் பையன் சாவியைக் கொடுத்துவிட்டு, பாதி ஏரிக்குக் கணக்கும் கொடுத்தான். அவன் பூட்டி வைத்ததில் கால்வாசி வெயிலிலேயே போயிருந்தது. நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு விதிப்படி அவனுக்குப் புள்ளி உண்டா என்று விவாதம் நடந்து, உண்டு என்று தீர்ப்பாயிற்று.

இப்போது நாடு ஒரு சட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது ஏரியின் பழைய அதிகாரி கணக்குக் காட்டாமல் ஓடிவிட்டான். அவனுடைய மகள் பெயர் குடத்தில் போடலாமா? உத்திரமேரூர் கூடாது என்கிறது. "அப்பா செஞ்சதுக்குப் பொண்ணு என்ன பண்ணுவா?" என்று பத்தாம் வகுப்புப் பெண் கொதிக்கிறாள். பணம் வீட்டுக்குள்தானே போயிருக்கும் என்கிறார் தாத்தா. பேத்தியே அவரை எதிர்த்து வாக்குக் கேட்டுக்கொண்டு திரிகிறாள், லிஃப்டில், பார்க்கிங்கில், மொட்டை மாடியில். நான் அந்த மகள் பக்கம், ஆனால் கதைசொல்லிக்கு எங்கள் நாட்டில் ஓலை கிடையாது. வருகிற ஞாயிறு வாக்கெடுப்பு.